வெறும் வயிறு

“உசுரோட இருக்கையில ஒரு வாய் கஞ்சி கொடுக்க விடல, இப்ப வாய்க்கரிசி போட வந்துட்டா—”

“அத்தை, கீமோவுக்கு முந்தி ரெண்டு ரெண்டு நாள்தான—”

“ரெண்டு நாளா! எங்கண்ணன் எலும்பாப் போனது ரெண்டு நாள்லயா?”

“வயிறு காஞ்சா, ஒடம்புல ஒவ்வொரு செல்லும் உள்ள கெடக்குற குப்பையத் தானே தின்னு சுத்தமாயிரும்னு யூட்யூப்ல சொன்னாங்க. அதை நம்பித்தான் செஞ்சேன்.”

பிச்சையாவின் கால்மாட்டில் நின்றுகொண்டு அவர் தங்கை பானுமதியும் மகள் கீதாவும் ஒருவர் பேச்சை ஒருவர் மறித்துக்கொண்டிருந்தார்கள். தலைமாட்டில் அவர் மனைவி சண்முகவடிவு நின்றிருந்தாள். சந்துக்குள் வண்டி நுழையாது. சுடுகாட்டுக்குக் கொண்டுபோக வந்த ஆம்புலன்ஸ் தொண்ணூறடி ரோட்டில் நின்றது. பக்கத்து வீட்டு சைனப் தையல் மெஷினை நிறுத்திவிட்டு வாசலில் வந்து நின்றாள்.

“பெரிய டாக்டரம்மா!” என்றாள் பானுமதி. “தின்னு சுத்தமாயிட்டா?”

கீதாவின் குரல் இறங்கியது.

“போன வாரம் டாக்டர்கிட்டயே கேட்டேன். ‘கிஸ்னே போலா’ன்னு இந்தியில கத்தினாரு, யாரு சொன்னான்னு. பட்டினி போட்டா நோய் புடிச்ச செல்லும் அதே மாதிரி தன்னையே தின்னு, மருந்துக்குத் தப்பிச்சுக்கிடலாமாம். அப்பாக்கு எது நடந்துச்சுன்னு சொல்ல முடியாதுன்னுட்டாரு.”

பானுமதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அரிசித் தட்டு சுற்றி வந்தது. கீதா ஒரு பிடி அள்ளினாள். அப்பாவின் வாயருகே போன கை அங்கேயே நின்றுவிட்டது.

சண்முகவடிவு அந்தக் கையைப் பார்த்தாள். மகள் ஆபீசுக்குப் போனதும் இதே வாயருகே எத்தனை தடவை கஞ்சிக் கிண்ணத்தை நீட்டியிருப்பாள்! ஒவ்வொரு தடவையும் மனுஷன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். ‘வேண்டாம்ட்டி, புள்ள சொல்லிருக்கா.’ ஆறிப்போன கஞ்சியை இவளே குடித்துவிட்டு, மகள் வருமுன் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்துவிடுவாள்.

“மதினி, நேரமாவுது” என்றாள் பானுமதி.

சண்முகவடிவு மகளின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“ஒங்கப்பா ஒரு நாளும் பட்டினி கெடக்கல, கீதா. நீ வேலைக்குப் போனதும் நான் கஞ்சி கொடுப்பேன். மிச்சம் வைக்காமக் குடிப்பாவ. ஒங்கிட்ட சொல்லாதன்னுட்டாவ.”

“யம்மா...”

கீதாவின் கண்ணில் முதலில் வந்தது கோபம்தான். வரட்டும் என்று சண்முகவடிவு பிடியை விடாமல் நின்றாள்.

“ஏசணும்னா நாளைக்கு என்னைய ஏசு. இப்ப அரிசியப் போடு, தாயி. அவிய வெறும் வயித்தோட போகல.”