நாக்கு நனைய

இறந்துபோன கணவர் சுந்தரமூர்த்தியின் கால் பெருவிரல்களை கிரிஜா சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தபோது, நாத்தனார் ஆனந்தவல்லி பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது காதில் விழுந்தது.

"மாரடைப்பு சும்மாவா வரும்? என் தம்பி குடிச்சே போயிட்டான்."

முடிச்சு நழுவியது.

குடி என்றால் என்னவென்றே அறியாத மனிதர். கம்பெனியிலிருந்து ஓய்வு பெற்றபின் ஒரு மழைக்காலம் முழுக்கச் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தார். அவர்கள் குடியிருந்த நிக்டியில் ஒரு டாக்டர் மனச்சோர்வுக்கு மாத்திரை எழுதினார். வாய் வறளும், கை லேசாக நடுங்கும், பயந்து நிறுத்திவிடாதீர்கள் என்றார். இரண்டு மாதத்தில் மனிதர் எழுந்து துளசிக்குத் தண்ணீர் ஊற்றினார். கடவுளுக்கு நன்றி சொல்ல வேண்டிய கிரிஜா, அந்த மாத்திரைகளைச் சத்து மாத்திரை டப்பாவில் கொட்டி மறைத்தாள். பெண்ணுக்கு வரன் பார்க்கிற வீடு.

மகள் ப்ரீதியின் நிச்சயதார்த்தத்தில் அவர் கை நடுங்கிக் காபி வேட்டியில் சிந்தியது. நிமிடத்துக்கொருமுறை பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தார்.

"உள்ள என்னத்த ஊத்தி வச்சிருக்கான்?" என்று ஆனந்தவல்லி சிரித்தாள்.

பைத்தியம் என்ற பேருக்குக் குடிகாரன் என்ற பேர் தேவலை என்று கிரிஜாவுக்குத் தோன்றிவிட்டது. பேசாமல் பாட்டிலைப் பிடுங்கி உள்ளே வைத்தாள். அவர் உதட்டை நக்கிக்கொண்டு, வந்தவர்களுக்கெல்லாம் கும்பிடு போட்டபடி இருந்தார்.

இப்போதும் சம்பந்தி வீட்டார் கூடத்தில்தான் நின்றார்கள்.

"மதினி," என்றாள் கிரிஜா. எல்லோருக்கும் கேட்டது. "அவுக ஒரு சொட்டு குடிச்சதில்ல. மனசு சரியில்லாம மாத்திரை சாப்பிட்டாக. அதுலதான் வாய் காஞ்சுது, கை நடுங்குச்சு. தெரிஞ்சும் நான் வாயத் தொறக்கல."

ஆனந்தவல்லி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ப்ரீதியின் தோளில் இருந்த கையைச் சம்பந்தியம்மாள் எடுக்கவில்லை.

வாசலில் இருதயராஜ் நின்றார். தினமும் சுந்தரமூர்த்தியோடு நடக்கப் போகிறவர். கையில் இரண்டு தண்ணீர் பாட்டில்கள்.

"எப்பவும் அவருக்கு ஒண்ணு சேத்து எடுத்துட்டுப் போவேன் தங்கச்சி. சேதி வர்றதுக்குள்ள நெரப்பிட்டேன்."

ஐயர் கொடுத்த கங்கை நீரை கிரிஜா கணவர் வாயில் விட்டாள். பிறகு இருதயராஜிடம் ஒரு பாட்டிலை வாங்கி, மூடியில் ஊற்றி, உதடு நனைய விட்டாள். இன்னொரு மூடி.

"போதும்மா," என்றார் ஐயர்.

அவள் மூடியை மறுபடி நிரப்பிக்கொண்டிருந்தாள்.