முயல் சொன்ன முகவரி

...ஒன்றும் இல்லை, ஒரு மனிதன் விவரம் கேட்டிருக்கிறான், விவரம் கிடைத்ததும் சரி என்று ஒரு சொல் போட்டிருக்கிறான், வாரத்துக்குப் பத்துப் பேராவது நூலகத்தின் ஃபேஸ்புக் பக்கத்துக்கு வந்து இப்படிக் கேட்கிறார்கள், இதில் பயப்பட என்ன இருக்கிறது என்று வென்சின் தனக்குள் சொல்லிக்கொண்டாள், சொல்லிக்கொண்டே அந்த மெசேஜைத் திரும்ப மேலே இழுத்துப் படித்தாள். வணக்கம், தொந்தரவுக்கு மன்னிக்கவும், படத்தில் புத்தகத்தின் மேல் தலைவைத்துத் தூங்கும் குழந்தை என் மகள், உங்கள் நூலகம் எந்த ஊரில் இருக்கிறது, கதை நேரம் என்றைக்கு... எவ்வளவு பணிவு. நேற்று திங்கட்கிழமை, நூலகம் விடுமுறை, அவள் வீட்டில் தலைக்குக் குளித்துவிட்டுப் படுத்துக்கிடந்தபோது இது வந்திருக்கிறது, வந்த மறுநொடியே முயல் பதில் சொல்லியிருக்கிறது. 'நான்தான் முயல் தம்பி! நம்ம லைப்ரரி சியாபுல இருக்கு, ஸ்டேஷன்லேருந்து நடந்தே வந்துடலாம், கதை நேரம் சனிக்கிழமை காலையில, இதோ மேப், சீக்கிரம் வாங்க, உங்களுக்காகக் காத்துக்கிட்டிருக்கோம்.' கடைசியில் ஒரு சின்ன இதயம். ஒவ்வொரு சொல்லும் அவள் எழுதியது. தானாகப் பதில் சொல்லும் வசதியைப் போன மாதம் அவள்தான் பொருத்தினாள், இரண்டு நீளக் காதும் ஒரு பல்லும் வைத்து அந்த முயலை அவள்தான் வரைந்தாள், வரைந்துவிட்டுத் தனியாக உட்கார்ந்து சிரித்தாள்.

அவளுக்கு என்ன தெரியும் அந்தக் குழந்தையின் அம்மாவைப் பற்றி? பெயர் தெரியாது. மியன்மியன் அம்மா, அவ்வளவுதான், குழந்தைதான் தன் பெயரை எல்லோரிடமும் சொல்லும். கார்டு போட்டுத் தரட்டுமா என்று கேட்டபோது, வேணாம் டீச்சர், இங்கயே உக்காந்து படிச்சுக்கறோம் என்றாள், நாலு வயது ஆகிறதே, பாலர் பள்ளிக்கு அனுப்பவில்லையா என்றதற்கு, அடுத்த வருசம் பாக்கலாம் என்று எங்கேயோ பார்த்தாள். எப்போதும் கடைசி வரிசை, எப்போதும் வாசலைப் பார்த்து. ஒருமுறை புத்தக வண்டி சாய்ந்து தடாலென்று விழுந்தது, எல்லோரும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள், அவள் மட்டும் குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள், வெளியே வர வெகுநேரம் ஆயிற்று... இதையெல்லாம் பார்த்தவள்தானே நீ? பார்த்தும் என்ன நினைத்தாய்? கூச்ச சுபாவம் என்று நினைத்தாய். யீலான் நகரத்தில் நூலகப் பக்கங்களை நடத்துவதற்குப் பயிற்சி நடந்தபோது பாடம் எடுத்த கண்ணாடி போட்ட இளைஞன் சொன்னான், முகம் இருந்தாத்தான் ஜனங்க நிப்பாங்க, புத்தக அலமாரியப் போட்டா விரலால தள்ளிட்டுப் போயிடுவாங்க, மாவட்டத்திலேயே கடைசியில இருக்கற பக்கம் எதுன்னு சொல்லட்டுமா என்று. அவன் சொல்லவில்லை, ஆனால் இவளைத்தான் பார்த்தான். போன சனிக்கிழமை ஜன்னல் வழியாக மழை நின்ற வெளிச்சம் ஒரு வினாடி உள்ளே வந்தது, அந்தக் குழந்தை திறந்த புத்தகத்தில் கன்னத்தை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது, தலைமேல் ஒரு கை, கை மட்டும்தான், அம்மாவின் முகம் வரக்கூடாது என்று கவனமாகத்தான் படம் எடுத்துப் பக்கத்தில் போட்டாள், கவனமாக... வழக்கமாக நாற்பது லைக். இதற்கு ஞாயிற்றுக்கிழமைக்குள் ஆயிரம் தாண்டியது, மாவட்ட அலுவலகம் எடுத்து ஷேர் செய்தது, பல் விளக்கும்போதும் சோறு தின்னும்போதும் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், எண்ணிக்கை ஏற ஏற உடம்பு முழுக்க ஏதோ இளகிக்கொண்டு போயிற்று, முப்பத்தாறு வயதில் யாராவது தன்னைத் தொட்டது போல.

பதிவை அழித்துவிட்டாள். அழித்தால் போயிற்றா, மாவட்டப் பக்கத்தில் இருக்கிறது, தாய்மார் குழுக்கள் மூன்றில் இருக்கிறது, யாரோ அதன்மேல் இனிய காலை வணக்கம் என்று பூ வைத்து எழுதிச் சுற்றில் விட்டிருக்கிறார்கள். மாடிக்கு ஓடினாள். நூலகத்துக்குப் பொறுப்பு லான் அக்கா, மிளகு வாசனை அடிக்கும் பன்னைக் கடித்துக்கொண்டிருந்தவள், கேட்டு முடித்துவிட்டுப் பன்னைக் கீழே வைத்தாள். "சரி, நிதானமா இரு. அந்தாளு கெட்டவன்னு ஒனக்கு யாரு சொன்னா?" யாரும் சொல்லல அக்கா. "அந்தப் பொண்ணு ஏதாவது சொல்லுச்சா?" இல்ல. "அப்புறம் போலீசுக்குப் போன் பண்ணி என்னன்னு சொல்லுவ? ஒரு அப்பா பணிவா தன் புள்ளைய விசாரிச்சாருன்னா? சனிக்கிழமைதானே கதை நேரம், இன்னும் நாள் இருக்கு, அந்தப் பொண்ணு வந்தா முன்னாடியே காதுல போட்டுடலாம்." நியாயமாகத்தான் இருந்தது. லான் அக்கா சொல்வது எப்போதும் நியாயமாகத்தான் இருக்கும். ஒருவேளை அவன் பிள்ளையைப் பறிகொடுத்தவனாக இருந்தால்? அந்தப் பெண்தான் சொல்லாமல் கொள்ளாமல் தூக்கிக்கொண்டு வந்தவளாக இருந்தால்? இருக்கலாம், இருக்கலாம்... ஆனால் கழிப்பறைக் கதவு. படியிறங்கும்போது தோன்றியது, எச்சரிப்பதென்றால் எப்படி? மூவாயிரம் பேர் பார்க்கும் பக்கம் கையில் இருக்கிறது, மியன்மியன் அம்மா உடனே தொடர்புகொள்ளவும் என்று ஒரு வரி போட்டால் அதை முதலில் படிப்பவன் அவனாகத்தான் இருப்பான். அத்தனை பேரிடம் பேசத் தெரிந்த வாயால் ஒருத்தியிடம் மட்டும் பேச முடியாது. குழந்தைகள் பிரிவில் போய் நின்றாள், காரணமில்லாமல் படத்தில் இருந்த அந்தப் புத்தகத்தை எடுத்தாள், விரித்தாள், மூக்குக்குள் வந்தது... வெங்காயத்தாள். பச்சையாக, ஈரமாக, மண்ணோடு. அந்தப் பெண் குனிந்து புத்தகம் எடுக்கும்போதெல்லாம் வருமே இந்த வாசனை, அவள் நகக்கண்களில் எப்போதும் ஒரு பச்சை இருக்குமே.

ஸ்கூட்டர் எடுக்கும்போதே மழை வலுத்துவிட்டது, மழைக்கோட்டின் பொத்தானைப் போடக்கூடப் பொறுமையில்லை, வாய்க்கால் ஓரமாகத்தான் வெங்காயத்தாள் கழுவும் கொட்டகைகள் எல்லாம், முதல் கொட்டகையில் இரண்டு கிழவர்கள் மட்டும் இருந்தார்கள், சின்னப் பிள்ளையோட ஒரு பொண்ணா, தெரியாதே என்றார்கள், தெரிந்தும் சொல்லவில்லையோ, நான் அவன் அனுப்பிய ஆள் மாதிரித் தெரிகிறேனோ... எதிரில் வந்த லாரி தண்ணீரை வாரி முகத்தில் அடித்தது. நான் ஏன் இப்படிப் பறக்கிறேன், அவளுக்காகவா, ஏதாவது ஆகிவிட்டால் என்னைக் கைகாட்டுவார்களே என்பதற்காகவா? நூலக வாசலில்தான் பலகை மாட்டியிருக்கிறதே, நிகழ்ச்சியில் படம் எடுக்கப்படும் என்று, அதைச் சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம்... சீ, அதற்குள் தப்பிக்கும் வழியில் போய் நிற்கிறது மனசு. அடுத்த கொட்டகையில் தகரக் கூரை மேல் மழை கத்திக்கொண்டிருந்தது. இடுப்பளவு தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்து தாளை அலசிக்கொண்டிருந்தார்கள், ஓரத்தில் கவிழ்த்த பிளாஸ்டிக் பெட்டிமேல் பெரியவர்களின் ரப்பர் பூட்சுக்குள் முழங்கால்வரை புதைந்து மியன்மியன் உட்கார்ந்திருந்தது. "அம்மா, லைப்ரரி டீச்சர். இன்னைக்குக் கதை இல்லையே?"

முதலாளியம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு எழுந்தாள். "என்ன டீச்சர், புஸ்தகத்தத் திருப்பித் தரலன்னா இப்ப கொட்டகைக்கே தேடி வர ஆரம்பிச்சிட்டீங்களா?" பெண்கள் சிரித்தார்கள். மியன்மியன் அம்மா சிரிக்கவில்லை. டீச்சரின் முகத்தைப் பார்த்தாள், கையிலிருந்த கட்டைத் தொட்டியில் மெதுவாக விட்டாள். வென்சின் வழியெல்லாம் எத்தனையோ வாக்கியங்களை அடுக்கி வைத்திருந்தாள், கடைசியில் போனை மட்டும் எடுத்து நீட்டினாள். அவள் தொடவில்லை, கை ஈரமாக இருந்தது, குனிந்து படித்தாள். முயலின் பதிலையும் படித்தாள். அந்தச் சின்ன இதயம் வரைக்கும் அவள் கண் இறங்குவதை வென்சின் பார்த்துக்கொண்டே நின்றாள். திட்டிவிடு, ஒரு அறை கொடு, தொட்டித் தண்ணீரை எடுத்து முகத்தில் ஊற்று... "எப்ப வந்துச்சு?" நேத்து சாயங்காலம். "மன்னிக்கவும்னு போட்டிருக்காரு." ஆமாங்க, ரொம்ப மரியாதையா... "அப்படி மரியாதையாப் பேசினாருன்னா முடிவு பண்ணிட்டாருன்னு அர்த்தம் டீச்சர். கிளம்பியிருப்பாரு." இல்லங்க, சனிக்கிழமைன்னுதான் போட்டிருக்கு... "சனிக்கிழமை வரைக்கும் அவரு எதுக்குக் காத்திருக்கணும்?" கேள்வி மாதிரி இல்லை அது, வானிலை சொல்வது மாதிரி இருந்தது. நான்... எனக்குத் தெரியாதுங்க, நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்று வென்சின் ஆரம்பித்து, ஆரம்பித்த வார்த்தையின் அசிங்கம் காதில் விழுந்து நிறுத்தினாள். அந்தப் பெண் ஏப்ரனை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். "படம் நல்லாத்தான் இருந்துச்சு. ஞாயித்துக்கிழமை இங்க யாரோ காட்டினாங்க. பாத்ததுமே போயிருக்கணும். அவ இங்க நல்லாத் தூங்குறா, அதான் ஒரு நாள், இன்னும் ஒரு நாளுன்னு இருந்துட்டேன்."

முதலாளியம்மா யாரையும் எதுவும் கேட்கவில்லை. சுவரிலிருந்து வேனின் சாவியை எடுத்தாள். "மார்க்கெட்டுக்கு லோடு ஏத்தணும். ஏறுங்க ரெண்டு பேரும். பை அப்புறம் அனுப்பறேன், இப்ப எதுவும் எடுக்காத." வென்சின் குழந்தையைத் தூக்கிவிடப் போனாள், நான் ஸ்டேஷன்வரைக்கும் கூட வரட்டுமா என்றாள், எங்கயாவது போக இடம் இருக்கா என்றாள். முதலாளியம்மா அவள் தோளைப் பிடித்துத் திருப்பி நிறுத்தினாள். "நீ எந்தப் பக்கம் போறோம்னு பாக்காத. அந்தத் தொட்டியப் பாத்துக்கிட்டு நில்லு. ஒன்ன மாதிரி ஆளுங்களுக்குப் பொய் சொல்ல வராது." நின்றாள். தண்ணீரில் வெள்ளைத் தண்டுகள் மிதந்தன, பின்னால் கதவு இழுபடும் சத்தம், மியன்மியன் ஏதோ கேட்டது, மழையில் கேட்கவில்லை, என்ன கேட்டிருக்கும், யாரைப் பற்றிக் கேட்டிருக்கும்... வண்டி இடதுபுறம் திரும்பியதா வலதுபுறம் திரும்பியதா என்று காது தானாகவே தேடியது, அவள் காதைப் பொத்திக்கொண்டாள். தொட்டியைச் சுற்றி இருந்த பெண்கள் தலை நிமிராமல் அலசிக்கொண்டிருந்தார்கள்.

திரும்பி வந்தபோது லான் அக்கா வாசலிலேயே நின்றிருந்தாள், குழந்தைகள் பிரிவைக் கண்ணால் காட்டினாள். வாசலருகே ஒரு ஜோடிக் கறுப்பு ஷூ, முனை வெளிப்பக்கம் பார்த்து, ஒரு மில்லிமீட்டர் பிசகாமல் ஒட்டி வைக்கப்பட்டிருந்தது. குடை சொட்டாமல் பிளாஸ்டிக் உறையில் இருந்தது. அவன் சின்ன நாற்காலியில் உட்காராமல் அலமாரிமுன் நின்றான், நாற்பது வயது இருக்கும், அலுவலகச் சட்டை, கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கருமை, பார்த்தால் யாருடைய அண்ணனோ மாதிரி... இவன்தானா? இப்படித்தான் இருப்பானா? "வணக்கம் மேடம். கதை சொல்ற டீச்சர் நீங்கதானா?" ஆமாம் என்றாள், தலை நனைந்து கழுத்தில் வழிந்துகொண்டிருந்தது. போனில் அந்தப் படத்தைக் காட்டினான். அவள் அவ்வளவு நேரம் கையை ஒன்றோடொன்று பிணைத்துக்கொண்டு நின்றாள், வாசனை வருமோ என்று பயந்து, கொட்டகையின் வாசனை தன்மேல் ஏறியிருக்குமோ என்று. "அன்னைக்கு வெளியூர்லேருந்து நிறையப் பேரு டூர் வந்திருந்தாங்க," என்றாள், "பஸ்ல. யாருன்னு தெரியாதுங்க." பொய் சொல்ல வந்தது. ஆச்சரியமாக வந்தது, டூர், பஸ், எல்லாம் ஒழுங்காக. "ஓ," என்றான் அவன். "பஸ்ல." அலமாரியில் துருத்திக்கொண்டிருந்த ஒரு புத்தகத்தைக் கட்டைவிரலால் மெல்ல உள்ளே தள்ளி மற்றவற்றோடு வரிசையாக்கினான், பக்கத்துப் புத்தகத்தையும், அதற்குப் பக்கத்ததையும். "இளைச்சுட்டாளா? படத்துல சரியாத் தெரியல." குரல் அந்த இடத்தில் உடைந்தது, நிஜமாகவே உடைந்தது, அல்லது அப்படி உடைக்கத் தெரிந்த குரல் அது, எப்படித் தெரிந்துகொள்வது, யாரிடம் கேட்பது? நான் ஒரு பெண்ணைக் காப்பாற்றினேனா, ஒரு தகப்பனிடமிருந்து பிள்ளையைப் பறித்தேனா, கழிப்பறைக் கதவு ஒன்றைத் தவிர என் கையில் என்ன இருக்கிறது... தெரியலைங்க, கவனிக்கல என்றாள்.

அவன் தலையாட்டினான். ஷூவைப் போட்டுக்கொள்ளக் குனிந்தவன், லேஸைக் கட்டியபடியே, அவளைப் பார்க்காமல் சொன்னான். "சனிக்கிழமை வர்றேன் மேடம். பஸ்காரங்க மறுபடி வந்தாலும் வருவாங்க." பிறகு நிமிர்ந்தான். "நீங்க எடுத்ததா இந்தப் படம்? இவ்வளவு அழகா அவள யாருமே எடுத்ததில்ல. அந்த வெளிச்சம் அவ கன்னத்துல விழுந்திருக்கற விதம்... பாத்துக்கிட்டே இருக்கலாம் போல." குடையை விரித்துக்கொண்டு ஸ்டேஷன் பக்கமாக நடந்தான், கொட்டகைகள் இருக்கும் பக்கமாக இல்லை, ஸ்டேஷன் பக்கமாகத்தான், கண்ணாடிக் கதவின் பின்னால் நின்று அவள் கடைசிவரை பார்த்தாள். பின்னால் லான் அக்கா என்ன சொன்னான், என்ன சொன்னான் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அந்தக் கன்னம், அந்த வெளிச்சம் என்று அவன் சொன்ன அந்த ஒரு கணத்தில், இத்தனைக்கும் நடுவில், பயந்து நின்றபோதும், வென்சினின் நெஞ்சுக்குள் எங்கேயோ, லைக் ஏறியபோது இளகிய அதே இடம் பூத்ததே... அது பூத்தது, அவள் அதைப் பார்த்தாள், இல்லை என்று சொல்லிக்கொள்ள முடியவில்லை.