மலச்சிக்கல் என்றே எழுதுகிறேன்

1
இந்தக் கதை ஒரு தொலைபேசி உரையாடலில் வந்த கோபத்தில் பிறந்தது. லண்டன் குட்மேய்ஸில் என் பக்கத்து வீட்டு டொலறஸ் அக்காவுக்கு நடந்ததை எழுதப்போகிறேன் என்றதும் சிற்றிதழ் ஆசிரியர் கேட்டார்: “அந்த வருத்தத்தின்ர பேரைக் கொஞ்சம் மாத்தேலாதோ? நெஞ்சு நோ எண்டு போடுங்கோவன்.”

ஏலாது.

2
“பனி கொட்டிய ஒரு காலையில் டொலறஸ்…”

(வெட்டிவிட்டேன். பனியெல்லாம் கொட்டவில்லை. அக்கா கழிப்பறையில் இருந்து அழுதுகொண்டிருந்தார்.)

முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு வலிக்குக் கோடீன் மாத்திரை கொடுத்திருந்தார்கள். அது குடலை மந்தமாக்கும். கூடவே மலமிளக்கியும் கொடுத்திருக்க வேண்டும். ஒருவரும் கொடுக்கவில்லை.

3
“வயிறு ஒழுங்காகப் போகிறதா?” என்று குடும்ப மருத்துவரான ஜிபி ஆங்கிலத்தில் கேட்டார். அதைத் தமிழில் கேட்கவேண்டியவன் மொழிபெயர்க்கக் கூடப்போன மகன் கிளின்ரன். தாயிடம் அதை எப்படிக் கேட்பது? கேட்காமலே “யெஸ், ஃபைன்” என்றான். மருத்துவர் கணினியைப் பார்த்தபடியே கோடீனைக் கூட்டினார்.

(கிளின்ரனை வில்லனாக்கிப் பார்த்தேன். முடியவில்லை. இதை அவனே அழுதழுது சொன்னான். ஆனாலும் என் கோபம்…)

4
அக்கா வாந்தியெடுத்தார். செத்துப்போன கணவரோடு பேசத் தொடங்கினார். ஆஸ்பத்திரியில் “டிமென்சியாவாக இருக்கலாம்” என்றார்கள். பராமரிப்பு இல்லம் பற்றியும் பேச்சு எழுந்தது.

நான் பார்க்கப் போன நேரம் அவருக்குக் கொஞ்சம் தெளிவு. என் காதை இழுத்து மெதுவாகச் சொன்னார்: “பிள்ளை, நான் வெளிக்குப் போய் ரெண்டு கிழமைக்கு மேல. ஆரிட்டச் சொல்லுறது? அவன் ஆம்பிளைப் பிள்ளை.”

வார்டு முழுக்கக் கேட்க அதை ஆங்கிலத்தில் கத்தினேன்.

“ஏன் முதலே சொல்லவில்லை?” என்றாள் தாதி.

“நீங்கள் அவரிடம் கேட்டீர்களா?”

எனிமா கொடுத்தார்கள். பிறகு சென்னா என்ற மலமிளக்கி மாத்திரை. வயிறு இறங்க இறங்க மனமும் தெளிந்தது. டிமென்சியா என்ற சொல்லை அதன் பிறகு ஒருவரும் எடுக்கவில்லை. மன்னிப்பு என்ற சொல்லையும்தான்.

5
முடிவு அ: ஜிபி வீடு தேடி வந்து மன்னிப்புக் கேட்டார். (பொய்.)

முடிவு ஆ: தாயும் மகனும் கட்டிப்பிடித்து… (எழுதக் கை கூசுகிறது.)

நடந்தது இது. ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். “டொலறஸ், உமக்கு என்ன வருத்தம்?”

“முழங்கால்தான் அன்ரி,” என்று கிளின்ரன் முந்திக்கொண்டான்.

அக்கா அவன் கையைத் தட்டிவிட்டு, தொண்டையைச் செருமினார்.

என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியும். எழுதமாட்டேன். தலைப்பில் உள்ள அந்தச் சொல்லை நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள், பக்கத்தில் ஆள் இருக்கும்போது. வாய் வரவில்லையா? அப்படியென்றால் கதை இன்னும் முடியவில்லை.