மெத்தைக்காரர் வீட்டு ராஸ் மீன்

பள்ளிவாசல் முற்றத்தில், அடக்கத்துக்கு முன் ஜனாஸா தொழுகைக்கு வரிசை கட்டி நின்றவர்கள் பக்கம் திரும்பி, மகன் சொல்ல வேண்டியதைத் தல்ஹா சொன்னான்.

"எங்க அத்தா யார் மனசயாவது நோவடிச்சிருந்தா மன்னிச்சிடுங்க." அதோடு நிறுத்தியிருக்கலாம். "பொய் ஏதாவது சொல்லியிருந்தா, அதயும்."

முன்வரிசையில் இரண்டு தோள்கள் சிரிப்பில் குலுங்கின. கேட்டருகே நின்ற பக்கத்துக் கடை அப்பாசாமி, "அதுக்கு ஊரையே கூப்பிடணுமே" என்று முணுமுணுத்தது இமாமுக்கே கேட்டிருக்கும்.

பஞ்சு மெத்தைக் கடை அப்துல் ரசாக் அப்படிப்பட்ட ஆள். ஹாலில், உப்புத்தண்ணீர்த் தொட்டியில் அவர் வளர்த்த ராஸ் என்ற கடல்மீன், பச்சையும் ஆரஞ்சுமாக விரல் நீளம், ராமேஸ்வரத்திலிருந்து அரை டிக்கெட் எடுத்து பஸ்ஸில் வந்ததாம். பௌர்ணமியன்று தொட்டியை வலமாக மட்டும்தான் சுற்றுமாம். சிரிக்காமல் சொல்வார்.

அவர் படுத்த படுக்கையானதும் கட்டிலை ஹாலுக்குத் தூக்கி வந்தார்கள். கட்டில் கால் தொட்டியில் இடித்தது. அன்றிலிருந்து மீனைக் காணோம்.

"செத்து மக்கிப்போயிருக்கும் அத்தா" என்று தல்ஹா தொட்டி விளக்கை அணைத்தான்.

"போடா. மணலுக்குள்ள பூந்து தூங்குது. நான் போட்ட மெத்தையாச்சே. லைட்ட போடு, இன்னும் விடியலன்னு நெனச்சிக்கினு இருக்குது."

பார்க்க வந்த சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். தல்ஹாவுக்கும் உற்சாகம் வந்துவிட்டது.

"சாவற நேரத்துலயாவது பொய்ய விடுங்க அத்தா."

அவர் அவனையே பார்த்தார். "காத்து மோட்டார மட்டும் நிறுத்தாத" என்றார். அதற்குப் பிறகு கதை எதுவும் சொல்லவில்லை.

அத்தாவின் குழியில் மூன்று பிடி மண் போட்டுவிட்டு, கை கால் கழுவி வீட்டுக்குள் நுழைந்தால் ஹாலில் ஒரே வெளிச்சம். கூட்டத்துக்கு இருட்டாக இருக்கிறதென்று யாரோ தொட்டி விளக்கு உட்பட எல்லா சுவிட்சையும் தட்டியிருந்தார்கள். அவன் மனைவி மெஹ்ஜபீன் தொட்டியருகே அசையாமல் நின்றிருந்தாள்.

மணல் ஓரிடத்தில் லேசாக விரிந்தது. முதலில் மூக்கு. பிறகு பச்சை. மீன் உடம்பை உதறிக்கொண்டு எழுந்து, கட்டில் கிடந்த பக்கத்துக் கண்ணாடியருகே வந்து நின்றது.

பின்னால் வந்த அப்பாசாமி எட்டிப் பார்த்தார்.

"ஏம்ப்பா, இது செத்துப்போச்சுன்னியே?"

தல்ஹா தொட்டியருகே போனான்.

"பாவம், பசி ஜாஸ்தியா இருக்கும். தீனி போடு."

தீனி டப்பாவை எடுக்கக் கை நீட்டினான். கழுவியும் நகக்கண்ணில் சிவப்பு மண் இருந்தது. கையை இழுத்து முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டான்.

"நீங்களே போடுங்க மாமா."