போன வருஷத்துப் பெட்ரோல்

எங்கள் பங்காளிகளுக்குப் பொதுவாக ஒரு கார் இருக்கிறது. ஊருக்கு யார் வந்தாலும் எடுத்துக்கொள்ளலாம். திரும்பக் கொண்டுவந்து விடும்போது டேங்க் நிறையப் பெட்ரோல் போட்டுவிட வேண்டும். அடுத்து வருகிறவர் வெறும் வண்டியை எடுக்கக் கூடாது என்று முத்தப்பன் அண்ணன் வைத்த முறை அது. அண்ணன் பெரியப்பா மகன், கோயம்புத்தூரில் மில் வைத்திருப்பவர். அவர் வைத்த முறையை யாரும் மாற்றுவதில்லை.

காரைக்குடியில் குடியிருக்கும் ஒரே பங்காளி நான் என்பதால் சாவி என்னிடம். பொது வண்டியில் நான் காய்கறி வாங்கப் போனால் எங்கிருந்தாவது ஒரு சொல் வரும். எதற்கு வம்பு என்று உறை போட்டு மூடியே வைத்திருந்தேன், பேட்டரி இறங்காமல் அவ்வப்போது ஸ்டார்ட் செய்வதோடு சரி. பள்ளிக்கூடத்துக்கு எனக்கு ஸ்கூட்டர் போதும்.

முன்னோருக்குப் படைக்கிற படைப்பு வருடத்துக்கு ஒரு தடவை. இந்த வருடம் அண்ணன் முன்கூட்டியே வந்து, காரை எடுத்துக்கொண்டு கீழச்சிவல்பட்டி வரை போய்த் திரும்பினார். வரும்போதே முகம் சரியில்லை. எஞ்சின் கடகடவென்று அடிக்கிறதாம், மேட்டில் இழுக்க மாட்டேன் என்கிறதாம், பெட்ரோல் முள் மட்டும் வேகமாக இறங்குகிறதாம். காலைப் பலகாரத்துக்கு எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது இலையைப் பார்த்தபடி சொன்னார்.

"வீடு பாக்க வார டூரிஸ்ட்டுகளுக்கு நம்ம வண்டிய யாரோ வாடகைக்கு ஓட்டியிருக்காக. படைப்பு முடிஞ்சதும் சாவிய யார்கிட்டக் குடுக்கிறதுன்னு பேசிருவோம்."

யாரோ என்றால் யார்? சாவி என் ஒருவனிடம்தானே இருக்கிறது. எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. சாவி போனால் போகட்டும். திருடன் என்ற பெயரோடு இதே ஊரில் நான் எப்படி நடமாடுவது? எழுந்து கத்தப் போனேன். உமையாள் பக்கத்தில் வந்து இன்னொரு இட்லியை வைத்து என்னை உட்கார வைத்துவிட்டாள். என் மனைவிக்கு இந்த வித்தை கைவந்த கலை.

அறைக்குள் வந்ததும்தான் கேட்டாள்.

"பிள்ளைகளுக்கு ஆக்டேன் பாடம் நடத்துறீக. நம்ம டேங்க்ல கெடக்கிறது எந்தக் காலத்துப் பெட்ரோலுன்னு யோசிச்சீகளா?"

வேதியியல் வாத்தியாரான எனக்குச் சுருக்கென்றது. ஆக்டேன் என்பது பெட்ரோலின் பொறுமை. சிலிண்டருக்குள் காற்றோடு சேர்த்து எவ்வளவு நெருக்கினாலும், பிளக் பொறி வைக்கும்வரை அது தானாகப் பற்றிக்கொள்ளக் கூடாது. இப்போதைய எஞ்சின்கள் முன்னைவிட அதிகமாக நெருக்குபவை. பெட்ரோல் ஒரு வருடம் அப்படியே கிடந்தால் லேசான பகுதி ஆவியாகிவிடும், கலந்திருக்கும் எத்தனால் ஈரத்தை இழுக்கும், பொறுமை போய்விடும். நேரம் வருமுன்பே பற்றிக்கொண்டு அடிக்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டு, எஞ்சினைக் காப்பாற்ற வண்டியின் கம்ப்யூட்டர் பொறியைத் தள்ளிப் போடும். இழுவை குறையும், அதே தூரத்துக்கு அதிகம் குடிக்கும். வருடா வருடம் கரும்பலகையில் எழுதுகிறேன். நான் ஓட்டிக் கெடுத்ததாக அண்ணன் சொன்னார். வண்டி கெட்டதே ஓட்டாமல் கிடந்ததால்தான்.

பாண்டிமுருகனின் ஒர்க்‌ஷாப்பில் டேங்கைக் காலி செய்தோம். இறக்கிய பெட்ரோலில் பழைய வார்னிஷ் வாடை அடித்தது. புதுப் பெட்ரோல் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்து, இளையாத்தங்குடி கோயிலுக்குப் போகலாம் என்று அண்ணனைக் கூப்பிட்டேன். சந்தேகத்தோடுதான் ஏறினார். வழியில் சொல்ல வேண்டியதையெல்லாம் மனதுக்குள் கோத்து வைத்திருந்தேன், ஒவ்வொன்றும் சுடுகிற மாதிரி.

கார் சத்தமில்லாமல் போயிற்று. மேட்டில் மிதித்தேன், இழுத்தது. அண்ணன் காதைச் சாய்த்துக் கேட்டார், மறுபடியும் கேட்டார். என்ன செய்தாய் என்றார்.

கோத்ததில் ஒன்றும் வாயில் வரவில்லை.

"பெட்ரோலை மாத்துனேண்ணே. உள்ள இருந்தது போன படைப்புக்குப் போட்டது."

போன படைப்பு முடிந்து கடைசியாக டேங்கை நிரப்பி விட்டுப் போனவர் அவர்தான். அதன் பிறகு யாரும் வண்டியை எடுக்கவில்லை. அது அவருக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

படைப்பு முடிந்து பங்காளிகள் எல்லாரும் உட்கார்ந்தார்கள். யாரோ சாவிப் பேச்சை எடுத்தார்கள். அண்ணன் கையை நீட்ட, சாவியைக் கொடுத்தேன்.

"வண்டியக் கெடுத்தது நாந்தான். தம்பி மேல பழியப் போட்டதும் நாந்தான்," என்றார். சாவியை என் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார். "இனிமே டேங்க ரொப்பிட்டுப் போக வேணாம். நீ தெனம் ஓட்டு."

மறுநாள் காலையில் உமையாள் கூடையோடு வந்து முன் சீட்டில் உட்கார்ந்தாள். காய்கறி வாங்கப் போனோம்.