தொள்ளாயிரத்துப் பதினான்கு மேற்கோள்கள்

ஆய்வகத்தில் அவளுக்குப் பிசின் அக்கா என்று பெயர். அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாகக் கோத்துப் பெப்டைடுச் சங்கிலி கட்ட, முதல் அமிலத்தைப் பிடித்துவைப்பது பிசின் மணிதான். இருபத்திரண்டு வருடமாக அவள் கை அந்த மணிகளிலேயே கிடந்தது. எதையும் பிடித்தால் லேசில் விடமாட்டாள் என்பதும் அந்தப் பெயருக்கு ஒரு காரணம்.

பதவி உயர்வு நேர்காணலில் அவளுடைய பட்டியலைப் பார்த்ததும் குழுத் தலைவருக்கு முகமெல்லாம் மலர்ந்தது.

"நாப்பத்தொரு கட்டுரை. அதுல ஒண்ணை மட்டும் தொள்ளாயிரத்துப் பதினாலு பேர் மேற்கோள் காட்டியிருக்காங்க. இது ஒண்ணே போதும்மா."

"அந்தக் கட்டுரை தப்பு சார்."

மேசையைச் சுற்றி இருந்த ஐந்து பேரும் நிமிர்ந்தார்கள்.

அதை அவள் பட்டியலில் சேர்க்கவே இல்லை. கணினி தானாக இழுத்து வந்திருந்தது. மாணவியாக இருந்தபோது வழிகாட்டியோடு சேர்ந்து எழுதியது. சங்கிலியை வேகமாகக் கோக்க ஒரு புதுமுறை, தூய்மை தொண்ணூற்றெட்டு சதவீதம். நம்பித்தான் எழுதினார்கள். ஆறு வருடம் கழித்து, நுணுக்கமாகப் பிரித்துக்காட்டும் புதுக் கருவி வந்ததும் அதே பொருளை மறுபடி ஓட்டிப் பார்த்தாள். தூய பொருளுக்கு ஒரே முகடுதான் வரும்; வரைபடத்தில் ஒரு முகடு இருந்த இடத்தில் இப்போது இரண்டு முகடுகள். கோக்கும்போதே சங்கிலியில் ஓர் அமிலம் இடக்கை வடிவத்திலிருந்து வலக்கை வடிவத்துக்குப் புரண்டிருந்தது, நூற்றுக்குப் பதினெட்டு சங்கிலிகளில்.

"ஊதிப் பெருசாக்காதே" என்றார் வழிகாட்டி. திருத்தத்தில் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். அவள் தனியாக எழுதி ஒரு சின்ன இதழில் வெளியிட்டாள். பதினோரு வருடத்தில் அந்தத் திருத்தத்துக்குக் கிடைத்த மேற்கோள் நான்கு. அதில் இரண்டு அவளே காட்டியது.

"அதனால என்னம்மா?" என்றார் தலைவர். "எண்ணிக்கை எண்ணிக்கைதானே. உள்ள என்ன இருக்குன்னு யார் போய்ப் படிக்கிறாங்க?"

அவளுக்குச் சுருக்கென்றது. பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தாள். முந்தின வாரம், முன்பின் தெரியாத ஒரு மாணவி எழுதியது.

"படிக்கிறாங்க சார். இந்தப் பொண்ணு படிச்சிருக்கா. ஒன்றரை வருஷமா எங்க முறையில செஞ்சு செஞ்சு பாக்குறா, வரல. உன் கை சுத்தமில்லைன்னு அவ வழிகாட்டி திட்டுறாராம். எங்க தப்பு பண்றேன்னு சொல்லுங்கன்னு என்கிட்டயே கேக்குறா. தப்பு என்னோடது, பேச்சு அவளுக்கு."

பேனாவை எடுத்து, பட்டியலில் அந்த வரியை அடித்தாள்.

"அதை அடிச்சா உங்க மதிப்பெண் வரம்புக்குக் கீழ போயிடுமே."

"போகட்டும் சார்."

போயிற்று. பதவி வேறொருவருக்குக் கிடைத்தது.

வீட்டில் கணவர் அவள் மதிப்பெண்களைக் காகிதத்தில் கூட்டிப் பார்த்தார். பள்ளியில் கணக்கு வாத்தியார் அவர்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

"வேண்டாம்னுதான்."

"அதான் கேக்கல."

மறுநாளே எல்லாத் தரவுகளையும் சேர்த்து, கட்டுரையைத் திரும்பப் பெறச் சொல்லி, அதை முதலில் வெளியிட்ட இதழுக்கு அனுப்பினாள். விஷயம் காதுக்கு எட்டியதும் வழிகாட்டி தொலைபேசியில் கூப்பிட்டார்.

"என் பேரையும் சேர்த்துத் தெருவுக்கு இழுக்கிறியே. உன்னை ஆளாக்கினவன் நான்."

"ஆமா சார். முகடு ரெண்டு தெரிஞ்சா ரெண்டுன்னு எழுதச் சொல்லிக்கொடுத்ததும் நீங்கதான்."

அதற்குப் பிறகு அவர் கூப்பிடவில்லை. இதழ் ஒன்பது மாதம் இழுத்தடித்தது. கடைசியில் ஒவ்வொரு பக்கத்தின் குறுக்கேயும் 'திரும்பப் பெறப்பட்டது' என்று சிவப்பில் அச்சிட்டது. அந்த மாணவியின் கடிதம் கிடைத்த அன்றே பிசின் அக்கா பதில் போட்டிருந்தாள். வேறு முறைக்கு மாறிய மூன்றாவது வாரம் மாணவியிடமிருந்து ஒற்றை முகடோடு ஒரு வரைபடம் வந்தது. கீழே எதுவும் எழுதவில்லை.

இத்தோடு முடிந்தது என்றுதான் பிசின் அக்கா நினைத்தாள். இந்த வருடம் மேற்கோள் கணக்கைத் திறந்து பார்த்தால், சிவப்பு எழுத்து விழுந்த பிறகும் இருபத்தாறு பேர் அதே கட்டுரையை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் கடிதம் எழுத உட்கார்ந்தாள். பத்தொன்பது போயாயிற்று, பதில் மூன்று. "கட்டுரை அச்சுக்குப் போய்விட்டது, இனி என்ன செய்ய முடியும்?" என்று ஒருவர் கேட்டிருந்தார்.

என்ன செய்ய முடியும் என்று அவருக்கு இரண்டு பக்கம் எழுதினாள்.