நெட்டையின் பட்டினி

நெட்டை என்று வீட்டில் கூப்பிடும் மூத்தவளுக்குத் தங்கை மேல் பொறாமை. கொஞ்சநஞ்சமில்லை, உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை. குட்டிக்கு ஆறு வயதில் முதல் வகைச் சர்க்கரை நோய் வந்தது. அன்றிலிருந்து அம்மாவின் கண் அவளைவிட்டு நகரவில்லை. நெட்டை நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு வாங்கிக்கொண்டு வந்து நீட்டினால், "அப்படி வை, குட்டிக்கு ஊசி போடணும்" என்பாள் அம்மா. நோயாளியைப் பார்த்து யாராவது பொறாமைப்படுவார்களா? இவள் பட்டாள்.

பதிமூன்று வயதாகியும் குட்டி வளரவில்லையே என்று அம்மா ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். மகள்கள் இருவரும் கூடப் போனார்கள்.

"வளரச் சொல்ற பொருள் ஒண்ணு ரத்தத்துல ஓடுது. அதைப் பிடிச்சு வெச்சுக்கிற புரதமும் கூடவே ஓடுது" என்றார் டாக்டரம்மா. "இன்சுலின் போதலேன்னா அந்தப் புரதம் ஏறிடும். அப்புறம் வளர்ச்சிப் பொருள் இருந்தும் உடம்புக்குக் கிடைக்காது. நாங்க அதை ஆராய்ச்சி பண்றோம். ஒப்பிட்டுப் பார்க்க அக்காவோட ரத்தமும் வேணும். ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பிட்டுட்டு, காலையில ரெண்டு பேரும் வெறும் வயித்தோட வாங்க."

இருந்தும் கிடைக்காது! அட, நம் வீட்டுக் கதையாச்சே என்று நினைத்தாள் நெட்டை. அம்மாவின் பாசத்தை மொத்தமாகப் பிடித்து வைத்துக்கொண்டவள் பக்கத்து நாற்காலியில் காலாட்டிக்கொண்டிருந்தாள்.

ஒரு ராத்திரி வெறும் வயிறு போதுமென்றால், முந்தின நாள் மத்தியானத்திலிருந்தே பட்டினி கிடந்தால் ரத்தத்தில் ஏதாவது கோளாறு தெரியாதா? தெரியட்டும். அப்போதாவது அம்மா திரும்பிப் பார்ப்பாள். நெட்டை அப்படியே செய்தாள். வெறும் தண்ணீர்தான்.

ரத்தம் கொடுத்துப் பத்து நாள் கழித்து டாக்டரம்மா மூவரையும் கூப்பிட்டார். "அக்காவுக்குத்தான் அந்தப் புரதம் எக்கச்சக்கமா ஏறியிருக்கு. தங்கச்சியைவிட ரெண்டு மடங்கு."

"ஐயோ, என் பொண்ணுக்கு என்ன ஆச்சு?" அம்மா நெட்டையின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். ஏழு வருஷமாகக் காத்திருந்த கை. நெட்டைக்கு உள்ளுக்குள் ஒரே குதியாட்டம்.

"பயப்படாதீங்க. சர்க்கரை சரியா இருக்கு. நோய் எதுவும் இல்லை. பட்டினி கிடந்தாலும் இப்படி ஏறும். ரத்தம் எடுத்ததுக்கு முந்தின நாள் என்ன சாப்பிட்டா?"

"மத்தியானம் சாதம் நூத்தியிருபது கிராம், ஒரு முட்டை. சாயங்காலம் ரெண்டு பிஸ்கட். ராத்திரி..."

"இது பெரியவளுக்கா?"

அம்மா நிறுத்தினாள். "சின்னவளுக்கு."

"நான் பெரியவளைப் பத்திக் கேட்டேன்."

அம்மா நெட்டையின் முகத்தைப் பார்த்தாள். ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை.

"அக்கா காலையில ஒரு ரொட்டி தின்னா" என்றாள் குட்டி. "மத்தியானச் சாப்பாட்டை டப்பாவோட திருப்பிக் கொண்டு வந்தா. ராத்திரி தட்டை அப்படியே குப்பையில கொட்டினா. மறுநாள் இங்க வரும்போது அவ கை நடுங்குச்சு. சர்க்கரை இறங்கினா எனக்கும் அப்படித்தான் நடுங்கும். அதான் பயந்துபோய் என் குளுக்கோஸ் மாத்திரையை அவ பையில போட்டு வெச்சேன்."

நெட்டை அம்மாவின் பிடியிலிருந்து கையை உருவிக்கொண்டாள். எங்கிருந்துதான் வந்ததோ அந்த அழுகை.

"நீ ஏன்டி பார்த்தே?" என்று குட்டியிடம் கத்தினாள். "அம்மால்ல பார்த்திருக்கணும்!"